வெட்கம் என்று பெயர் வைத்தவன்

“மாரடைப்புன்னு ஒனக்கு எவன்லே சொன்னான்?”

பொன்மணி கேட்டபோது தம்பி பிரபாகரன் பைக்கிலிருந்து போஸ்டர் கட்டை இறக்கிக்கொண்டிருந்தான். மை இன்னும் சரியாகக் காயவில்லை. சிவகாசியில் அவன் வேலை பார்க்கிற அச்சாபீஸில் ஆட்களைக் கெஞ்சி, காலண்டர் ஆர்டருக்கு நடுவில் செருகி அடித்து வாங்கி வந்திருந்தான். அம்மாவின் வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே யாருடையதோ பட்டுச்சேலையை ஒட்டியிருந்தார்கள். பின்னால் நீல வானமும் இரண்டு புறாக்களும். அதற்குக் கீழே, ‘எங்கள் அன்புத் தாயார் மாடத்தி அம்மாள் திடீர் மாரடைப்பால் இயற்கை எய்தினார்’ என்று சிவப்பில் எழுதியிருந்தது.

திடீர் என்ற சொல்லைத்தான் பொன்மணியால் தாங்க முடியவில்லை. பத்து மாதம் துடித்துச் செத்தவளுக்குத் திடீராம்.

“எக்கா, மெதுவாப் பேசு. வெளிய ஆளுக உக்காந்திருக்காக” என்றான் பிரபாகரன். “பின்ன என்னத்தப் போடச் சொல்லுத? அங்கன என்கூட வேலை பாக்குறவன்தான் கம்ப்யூட்டர்ல டைப் பண்ணுதான்.”

“புத்துநோய்னு போட வேண்டியதுதான.”

“புத்துநோய்னா எங்கனன்னு கேப்பான்.”

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. கேட்பார்கள். தொண்டையில் என்றால் சொல்லலாம், வயிற்றில் என்றால் சொல்லலாம். மார்பில் என்றால்கூட இந்தக் காலத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள். அம்மாவுக்கு வந்த இடம்தான் சொல்ல முடியாத இடமாகப் போய்விட்டது.

“அம்மாவே அப்படித்தான சொல்லச் சொல்லுச்சு” என்றான் தம்பி, கட்டைப் பிரித்துக்கொண்டே. “நெஞ்சுவலின்னு சொல்லிரு, ஊருக்குள்ள என் மானத்த வாங்கிராதன்னு ஒன் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான சொல்லுச்சு. நீயும் சரின்ன.”

சரி என்றுதான் சொல்லியிருந்தாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறவளிடம் வேறு என்ன சொல்வது? உயிர் போகிற நேரத்தில் ஒரு மனுஷிக்கு உயிரைப் பற்றிக் கவலை இல்லை, பிள்ளைகளைப் பற்றிக்கூட இல்லை, அந்த இடத்தின் பெயர் வெளியே வந்துவிடக் கூடாது என்பதுதான் கவலை. அந்தக் கவலையை அவளுக்குள் யார் ஊட்டி வளர்த்தார்களோ அவர்கள் மேல்தான் பொன்மணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செத்தவள் மேல் கோபப்பட முடியுமா?

வெளியே பந்தலில் கொட்டுக்காரர்கள் மேளத்தைச் சூடுகாட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றது. அம்மாவோடு ஒரே அறையில் வேலை பார்த்த பெண்கள் இறங்கி, மாரில் அடித்துக்கொண்டே வந்தார்கள். வேனிலிருந்து கம்பெனி சார்பில் ஒரு ரோஜா மாலையும், சரவெடிப் பெட்டி ஒன்றும் இறக்கினார்கள். அந்தச் சரத்துக்கு மருந்து அடைத்தது மாடத்தியாகவே இருந்தாலும் இருக்கலாம்.

“என்ன பொன்மணி செஞ்சுச்சு ஒங்கம்மைக்கு?” என்று அழுகைக்கு நடுவில் கேட்டாள் குருவம்மா. அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவள்.

பொன்மணி வாயைத் திறப்பதற்குள் தாய்மாமன் சீனிச்சாமி குறுக்கே வந்துவிட்டார். அம்மாவுக்கு அண்ணன். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கையில் வைத்திருந்தார். “நெஞ்சுவலிதான் தாயி. நல்லாப் பேசிக்கிட்டிருந்தவ, தண்ணி குடுன்னா, அம்புட்டுதான்” என்றார்.

மதுரைக்கு மூல ஆபரேசனுக்குப் போனவள் என்றுதான் இவ்வளவு நாளும் ஊரில் சொல்லி வைத்திருந்தது. மூலத்துக்குப் போனவளுக்கு எப்படி நெஞ்சுவலி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைவிட, அந்தச் சோற்றை மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறவர்களைத்தான் பொன்மணியால் தாங்க முடியவில்லை.

மாடத்தி ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பல வருஷம் மருந்து அடைக்கிற வேலை பார்த்தவள். காலையில் சிமிண்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பாள். அலுமினியப் பவுடர் பறந்து வந்து முடியில், இமையில், சேலை மடிப்பில், உள்பாவாடைக்குள் என்று புகாத இடம் இல்லாமல் புகும். அந்த அறையில் உட்கார்கிற பெண்களுக்கு உடம்பில் எங்கே அரித்தாலும் அதற்கு ஒரே பெயர்தான், மருந்து அரிப்பு. கழுத்தில் அரித்தாலும் மருந்து அரிப்பு, காலிடுக்கில் அரித்தாலும் மருந்து அரிப்பு. தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக்கொள்வார்கள். கம்பெனி வேலைக்குப் போனால் அரிக்கத்தானே செய்யும், இதற்குப் போய் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்பது அங்கே எல்லோருக்கும் ஒத்த கருத்து.

மாடத்தியும் எண்ணெய் தடவினாள். வருஷக் கணக்கில் தடவினாள். அரிப்பு தடிப்பானது, தடிப்பு புண்ணானது. மகள் பொன்மணி மதுரையில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்து, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போகிறவள். ஏன் ஒரு பக்கமாக உட்காருகிறாய் என்று அவள் கேட்டதற்கு, மூலம் என்றாள் மாடத்தி. பின்பக்கத்து நோயைச் சொல்ல வாய் வந்தது பாருங்கள், முன்பக்கத்து நோயைச் சொல்ல வரவில்லை. பொன்மணியும் நம்பி மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். கடைசியில் உட்காரவே முடியாமல், நின்றுகொண்டே சோறு தின்ற ஒரு நாளில்தான் சேலையை விலக்கிக் காட்டினாள். காட்டிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு, “கதவச் சாத்துடி” என்றாள். கதவு சாத்தித்தான் இருந்தது.

மதுரையில் டாக்டரம்மா பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். “ஒரு வருஷம் முந்தி வந்திருந்தா வெட்டி எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்” என்றார். அரிப்புக்கும் பவுடருக்கும் சம்பந்தம் உண்டா என்று பொன்மணி கேட்டாள். “அது எனக்குத் தெரியாதும்மா. இது பவுடரே பாக்காதவங்களுக்கும் வருது. பவுடர்னு நினைச்சுக்கிட்டே இருந்ததுதான் தப்பாப் போச்சு.”

கடைசி மாதங்களில் மாத்திரைக்கு வலி அடங்கவில்லை. இடுப்புக்குள் ஓடும் ஒரு நரம்பில் மரத்துப்போக ஊசி போடலாம் என்றார்கள். புடெண்டல் நரம்பு. பொன்மணி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று போனில் தேடினாள். சும்மா இருக்க முடியாத கை, அவ்வளவுதான். நர்ஸிங் படித்தபோது உடற்கூறு எடுத்த தேவமணி மிஸ் பழக்கிவிட்ட வழக்கம் அது. லத்தீன் பெயரை மொட்டையாக மனப்பாடம் செய்தால் மறந்துபோகும், அர்த்தத்தோடு படித்தால் சாகிறவரைக்கும் நிற்கும் என்பார் மிஸ். சிரிக்கச் சிரிக்கச் சொல்லித் தருவார். தோள்பட்டைக்கு முன்னால் கிடக்கிற எலும்புக்குச் சின்னச் சாவி என்று பெயர். முழங்கால் சில்லுக்குச் சின்னத் தட்டு. கெண்டைக்காலுக்கு முன்னால் ஓடுகிற எலும்பு புல்லாங்குழல். இடுப்பெலும்பில் தொடை வந்து பொருந்துகிற குழி, காடிக் கிண்ணம். மூக்குக்குள்ளே நடுவே நிற்கிற மெல்லிய எலும்பு கலப்பைக் கொழு. தசைக்குப் பெயர் சுண்டெலி, தோலுக்கு அடியில் எலி ஓடுகிற மாதிரி அசைவதால்.

இந்தச் சொல்லை மட்டும் மிஸ் சொல்லித் தரவில்லை. அந்தப் பக்கம் வந்ததும், “இதை நீங்களே படிச்சுக்கோங்க” என்று திருப்பிவிட்டார்.

போன் சொன்னது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு, வெட்கப்பட வேண்டியது என்று அர்த்தம்.

பொன்மணி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அந்த நரம்பு ஆணுக்கும் உண்டு. ஆனால் உறுப்புக்கே வெட்கம் என்று பெயர் வைத்துப் புத்தகத்தில் ஏற்றி, நூற்றாண்டு நூற்றாண்டாகப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தது பெண்ணுடையதை மட்டும்தான். வீட்டில் கிடக்கிற சாவி, தட்டு, கிண்ணம், வயலில் கிடக்கிற கொழு, மூலையில் ஓடுகிற எலி என்று கண்ணில் பட்டதையெல்லாம் அன்பாகப் பெயராக வைத்துக்கொண்டு வந்தவனுக்கு, தான் பிறந்து வந்த இடத்துக்கு வந்ததும் வைக்க ஒரு பொருள்கூடக் கிடைக்கவில்லையா? வாசல் என்று வைத்தால் என்ன? ஊற்று என்று வைத்தால் குடி முழுகிப் போகுமா? அறிவாளி என்று ஊர் கொண்டாடுகிறவன் செய்கிற வேலையா இது?

அன்றைக்கே தேவமணி மிஸ்ஸுக்குப் போன் போட்டாள். மிஸ் ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் மகள் வீட்டில் இருந்தார்.

“எனக்கும் யாரும் சொல்லித் தரலை பொன்மணி. நானாத் தேடித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். சின்னப் பிள்ளைங்க முன்னால நின்னு அதைச் சொல்ல எனக்கு வாய் வரலை” என்றார் மிஸ். பிறகு, “இப்ப உடற்கூறுப் பேருங்களோட புதுப் பட்டியல்ல அந்த உறுப்புப் பேரை எடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நரம்புக்கு மட்டும் அப்படியே கிடக்குதாம்” என்றார்.

எடுத்துவிட்டார்களாம். எங்கோ ஒரு கூட்டத்தில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எடுத்துவிட்டார்கள். இங்கே ஒரு கிராமத்தில், லத்தீன் என்றால் தின்கிற பொருளா பூசுகிற பொருளா என்று தெரியாத ஒருத்தி, அதே பெயரை அச்சுப் பிசகாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு செத்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியது. மேளம் முழங்க, சங்கு ஊத, நீர்மாலை எடுக்கப் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் கிளம்பினார்கள். நாலு பேர் வேட்டியைத் தலைக்கு மேல் விரித்துப் பிடிக்க, அதற்கு அடியில் பிரபாகரனும் சீனிச்சாமியும் குடத்தோடு நடந்தார்கள். ஊருக்கு வெளியே கிணற்றில் குளித்து, ஈரத்தோடு தண்ணீர் கொண்டுவந்து அம்மா மேல் ஊற்ற வேண்டும். எடுத்த குடத்தை வழியில் எங்கேயும் இறக்கக் கூடாது. ஊற்றுகிறவரைக்கும் தலையிலேதான் இருக்க வேண்டும்.

அவர்கள் வருவதற்குள் பெண்கள் உடம்பைக் கழுவி வைக்க வேண்டும். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாடத்தியை உட்கார வைத்து, சரிந்துவிடாமல் துண்டால் கட்டினார்கள். கம்பெனிப் பெண்கள் நாலு பக்கமும் சேலையை விரித்துப் பிடித்தார்கள். உள்ளே பொன்மணியும், அம்மாவின் தங்கை வள்ளித்தாயும் மட்டும். வள்ளித்தாயும் அதே அறையில்தான் மருந்து அடைத்தாள். அடுத்த தெரு. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அக்காதான் எல்லாம் என்று இருந்தவள்.

வள்ளித்தாய் தலையில் சீயக்காய் தேய்த்தாள், கைகால் கழுவினாள். பொன்மணி புண்ணில் போட்டிருந்த கட்டைப் பிரிக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் பார்க்காதபடி குனிந்து மறைத்துக்கொண்டுதான் பிரித்தாள். வாக்குக் கொடுத்திருக்கிறாளே. வள்ளித்தாய் செம்பில் தண்ணீரை மொண்டுகொண்டு திரும்பினாள், பார்த்துவிட்டாள்.

பொன்மணி அவள் அலறுவாள் என்று நினைத்தாள். வள்ளித்தாய் அலறவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெகு சாதாரணமாக, “மருந்து அரிப்புதான இது” என்றாள். “எங்கக்கா எங்கிட்டச் சொல்லவே இல்ல பாரு. சொல்லியிருந்தா அந்த எண்ணெயக் காச்சிக் குடுத்திருப்பேன். எனக்கு அதப் போட்டாத்தான் கொஞ்சம் அடங்குது.”

பொன்மணியின் கை நின்றது. “ஒனக்கு எதுக்குச் சித்தி?”

“எனக்கும்தான் இருக்கு. போன வருசத்துல இருந்து. இப்பக் கொஞ்சம் தடிச்சுக் கெடக்கு. தண்ணிய ஊத்து, வந்துருவாக.”

சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது கேட்டிருக்க வேண்டும். குருவம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவள், பிடித்திருந்த சேலை நுனியை வேறு கைக்கு மாற்றினாள். ஒருத்தியும் என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்த விதத்திலேயே பொன்மணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அம்மா மேல் ஒரு சேலையைச் சுற்றினாள். “குருவம்மாக்கா, கொஞ்சம் பாத்துக்கோங்க” என்றாள். வள்ளித்தாயின் கையைப் பிடித்தாள். “சித்தி, உள்ள வா.”

“எதுக்குடி?”

“வான்னா வா.”

“ஏட்டி, கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு? பொணத்த நனைச்சுப் போட்டுட்டு எங்கன கூப்பிடுத?”

பொன்மணி பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டு போய் அறைக்குள் விட்டு, தாழ்ப்பாள் போட்டாள். இப்போது விட்டால் இந்தப் பொம்பளை பிடி கொடுக்க மாட்டாள். கருமாதி முடியட்டும் என்பாள், சீசன் முடியட்டும் என்பாள், தீபாவளி கழியட்டும் என்பாள். அக்கா அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாள்.

“படு சித்தி. நான் பாக்கணும்.”

வள்ளித்தாய்க்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சேலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டாள். “ச்சீ, என்ன பேச்சுப் பேசுத. நீ நான் தூக்கி வளத்த பிள்ள. ஒங்கிட்டப் போயி...”

“எங்கம்மாவும் எங்கிட்ட நேரத்துல காட்டல. அதான் வெளிய நாக்காலியில கட்டி வச்சிருக்கு.”

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் அதைத் தவிர வேறு எது சொன்னாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள். வள்ளித்தாயின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மேளச் சத்தம் நெருங்கி வந்தது. தெரு திரும்பியது, வாசலுக்கு வந்தது, நின்றது.

பொன்மணி ஜன்னல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தாள். வார்டில் எத்தனையோ பேருக்குச் செய்கிற மாதிரி, அவசரப்படாமல். தடிப்பு இருந்தது. ஓரத்தில் ஆறாத புண் ஒன்று. அம்மாவுக்கு முதல் தடவை பார்த்தபோது இருந்ததில் கால்வாசிகூட இல்லை. தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். நெறி கட்டியிருக்கவில்லை. சதையை எடுத்துச் சோதித்தால்தான் எதுவும் நிச்சயமாகத் தெரியும். ஆனால் நேரம் இருந்தது. அம்மாவுக்கு இல்லாத நேரம் இவளுக்கு இருந்தது.

கதவு இடிபட்டது. “ஏ பொன்மணி, என்ன புள்ள பண்ணுத உள்ள?” சீனிச்சாமி மாமாவின் குரல். “நீர்மாலைக் கொடம் தலையில இருக்கு. கழுத்து ஒடியுது. யாரு கதவச் சாத்துனது?”

“இருங்க மாமா.”

“இருக்கவா? எறக்கக் கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு?”

“எறக்காதீக. நில்லுங்க.”

சித்தியின் சேலையை அவளே சரிசெய்துவிட்டாள். “எந்திரி. எண்ணெய் தடவுத சோலி இன்னையோட போச்சு. காரியம் முடிஞ்ச கையோட மதுரைக்கு வார” என்றாள். வள்ளித்தாய், “அது என்னதுடி? அதுதானா?” என்று கேட்டாள். “தெரியல. அதுவா இருந்தாலும் வெட்டி எடுத்துட்டு வீட்டுக்கு வந்துரலாம். ஒன்ன நான் விட மாட்டேன்.”

கதவைத் திறந்தபோது முற்றம் முழுக்க ஆட்கள். மாமாவும் தம்பியும் ஈர வேட்டியோடு, தலையில் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் வழிந்து மாமாவின் மீசையில் சொட்டியது. கொட்டுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“என்ன நடக்கு இங்க? வள்ளித்தாய எதுக்கு உள்ள கூட்டிட்டுப் போன?” என்றார் சீனிச்சாமி.

“அம்மாவுக்கு வந்தது சித்திக்கும் வந்திருக்கான்னு பாத்தேன் மாமா.”

சேலையைப் பிடித்தபடி நின்ற குருவம்மா பதறிப்போய், “ஆத்தாடி, அவளுக்குமா நெஞ்சுவலி?” என்றாள்.

இதோ, இப்போது ஆமாம் என்று சொல்லி நழுவிக்கொள்ளலாம். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும், மாமாவின் மீசையும் நிற்கும். பொன்மணி நாற்காலியில் துண்டால் கட்டியிருந்த அம்மாவைப் பார்த்தாள். மன்னிச்சுக்கோம்மா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். செத்தவளுடைய மானத்துக்கு இருக்கிறவளுடைய உயிரைக் காவு கொடுக்க அவளால் முடியாது.

“நெஞ்சுவலி இல்லக்கா. எங்கம்மாவுக்குப் புத்துநோய். பிள்ள பெத்த எடத்துல. அரிப்பு, அரிப்புன்னு எண்ணெய் தடவிக்கிட்டே இருந்து செத்துப் போச்சு.”

தெருவில் எவனோ பைக்கை நிறுத்துகிற ஓசை மட்டும் கேட்டது.

“எக்கா, வாய மூடு” என்றான் பிரபாகரன். குடத்துத் தண்ணீரோடு அவன் கண்ணீரும் வழிந்தது. “செத்தவ மானத்த இப்படி ஊரு முன்னால...”

“எது மானம்? நீயும் நானும் வந்த எடம்லே அது. இங்கன நிக்குத அம்புட்டுப் பேரும் அது வழியாத்தான வந்தீக. வானத்துல இருந்தா குதிச்சீக?” குரல் உடைந்தது, ஆனாலும் விடவில்லை. “என்னைக்கோ செத்துப் போன எவனோ ஒருத்தன் லத்தீன்ல அதுக்கு வெக்கம்னு பேரு வச்சுட்டுப் போயிட்டான்லே. அவன் சாவிக்கும் தட்டுக்கும் குடுத்த மரியாதைய அதுக்குக் குடுக்கல. நீ அவனுக்கு என்ன வேணும்? இங்கன ஒக்காந்து அதக் கலர்ல அச்சடிச்சுக் கொண்டாந்திருக்க.”

லத்தீனும் சாவியும் அங்கே யாருக்கும் விளங்கியிருக்காது. பரவாயில்லை. பிரபாகரன் தலையைக் குனிய முடியாமல், குடம் இருந்ததால், கண்ணை மட்டும் தாழ்த்திக்கொண்டான்.

சீனிச்சாமிதான் கடைசியில் பேசினார். “போதும் புள்ள. தண்ணி ஊத்த விடு” என்றார். அவர் குரலில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று பொன்மணிக்குப் பிடிபடவில்லை. பெண்கள் மறுபடி சேலையை விரித்தார்கள். மாமா முதல் குடத்தைத் தங்கச்சி தலையில் ஊற்றினார். பாதித் தண்ணீர் வெளியே போனது. அப்போதுதான் பொன்மணிக்கு வாய்விட்டு அழுகை வந்தது. அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கோடி போர்த்தி, வாய்க்கரிசி போட்டு, பாடைத் தேரில் ஏற்றினார்கள். கம்பெனிச் சரத்தைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கொளுத்தினார்கள். ஊரே புகையானது. பெண்கள் வழக்கம்போலத் தெரு முக்குவரை போய், தேர் திரும்பி மறைகிறவரை நின்று பார்த்தார்கள். அதற்கு மேல் அவர்கள் போகக் கூடாது.

மல்லாங்கிணற்றிலிருந்து பஸ் மாறி மாறி வந்ததில் ஒரு சொந்தக்காரி தாமதமாகிவிட்டாள். முகம் பார்க்க முடியவில்லையே என்று முக்கிலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, வள்ளித்தாயிடம், “கல்லுக் கணக்கா இருந்தாளே ஒங்கக்கா. என்னத்துல போனா?” என்று கேட்டாள்.

வள்ளித்தாய் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஆண்கள் எல்லாரும் தேருக்குப் பின்னால் போயிருந்தார்கள். பொன்மணி குறுக்கே பேசவில்லை. சித்தி எதைச் சொன்னாலும் சரி என்று நின்றாள்.

“பிள்ள பெத்த எடத்துல புத்துநோய் மதினி” என்றாள் வள்ளித்தாய். சொல்லிவிட்டு, தெரியாத தெருவில் நடக்கிறவள் மாதிரி மெதுவாக வீட்டைப் பார்த்து நடந்தாள்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாகத் தெருக்குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். குளித்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவதுதான் முறை. இழவு வீட்டில் போய்வருகிறேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பொன்மணியும் ஈரத்தலையோடு அறைக்குள் போய்ச் சேலை மாற்றினாள். மதுரைக்குப் போன் போட்டு, சித்திக்கு டாக்டரம்மாவிடம் நேரம் கேட்டு வைத்தாள்.

வெளியே வந்தபோது, கம்பெனிப் பெண்கள் போயிருக்கவில்லை. சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஈரச்சேலையிலிருந்து தண்ணீர் சொட்டி, கழுவிய தரையில் ஓடியது. ஒருத்தியும் இன்னொருத்தியைப் பார்க்கவில்லை. வள்ளித்தாய் மட்டும் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, சும்மா உள்ளே போங்க என்பது போல் குருவம்மாவின் முதுகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

குருவம்மா எழுந்தாள். பொன்மணிக்குப் பின்னால் அறைக்குள் வந்தாள்.

பொன்மணி ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டாள்.